தொடர்கதையில் பெருகும் பாத்திரங்கள்: வாசக நினைவைக் காத்த வழிகள்

1950 அக்டோபர் இறுதியில் 'கல்கி' இதழில் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' 1954 மே மாதத்தில்தான் முடிந்தது. மூன்றரை ஆண்டுகள், ஐந்து பாகங்கள், முந்நூறை நெருங்கும் அத்தியாயங்கள். இன்று ஐந்து தொகுதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பவருக்குக் கந்தன்மாறன் யார், பார்த்திபேந்திரன் யார் என்ற ஐயம் வந்தால் பின்னால் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். அன்று வாரம் ஒரு தவணை படித்தவருக்கு அந்த வசதி எல்லா நேரமும் கிடைத்ததில்லை. போன வார இதழ் இரவல் போயிருக்கும். அதற்கு முந்தையது பழைய பேப்பர்க்காரரிடம் சேர்ந்திருக்கும். ஆனாலும் அத்தனை பேரையும் நினைவில் வைத்துக்கொண்டு மூன்றரை ஆண்டுகள் ஒரு பெரும் வாசகர் கூட்டம் அந்தக் கதையோடு நடந்தது.

அது எப்படி நடந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. நீண்ட தொடரில் பாத்திரங்கள் பெருகுவதைத் தவிர்க்க முடியாது. அந்தப் பெருக்கத்தை எழுத்தாளர்கள் எந்தெந்த வழிகளில் ஆண்டார்கள், எந்த வழி நிலைத்தது, எது சறுக்கியது என்று சீனம், ஐரோப்பா, ஜப்பான், அமெரிக்கா, தமிழ் என்று பல மரபுகளிலிருந்து இங்கே தொகுத்துப் பார்க்கிறேன். எல்லா வழிகளையும் ஒரே அளவுகோலால் மதிப்பிடலாம் என்பது என் கருத்து: நினைவில் வைத்திருக்கும் வேலையை எழுதுபவர் ஏற்கிறாரா, வாசகர் தலையில் கட்டுகிறாரா?

கூட்டம் ஏன் பெருகுகிறது

முதல் காரணம் தவணை. ஒவ்வொரு தவணையும் ஏதாவது புதிதாகத் தர வேண்டும். புதிய ஆளைக் கொண்டுவருவதுதான் அதற்கு எளிய வழி. சார்லஸ் டிக்கன்ஸின் பெரிய நாவல்கள் பெரும்பாலும் இருபது மாதப் பகுதிகளாக வந்தன; கடைசி இரண்டும் ஒரே வெளியீடாகச் சேர்ந்து வரும். ஒரு பகுதிக்கு 32 பக்கம், விலை ஒரு ஷில்லிங். அந்த 32 பக்கத்துக்குள் சிரிப்பு, பரிவு, மர்மம் மூன்றும் இருந்தாக வேண்டும். மூன்றுக்கும் தனித்தனி ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

இரண்டாவது காரணம், அச்சானதைத் திருத்த முடியாது என்பது. முழு நாவலையும் எழுதி முடித்துவிட்டு வெளியிடுபவர், தேவையற்றவர் என்று பின்னால் தெரியவந்த ஒருவரை முதல் அத்தியாயத்திலிருந்தே நீக்கிவிடலாம். தொடர் எழுதுபவருக்கு அந்த உரிமை இல்லை. வந்தவர் வந்தவர்தான்.

மூன்றாவது காரணம் வாசகர். கிளைப் பாத்திரம் ஒன்று மக்களுக்குப் பிடித்துப்போனால் அவரைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லிக் கடிதங்கள் வரும். தொலைக்காட்சித் தொடர்களில் இதே வேலையைப் பார்வையாளர் எண்ணிக்கை செய்கிறது. ஆக, உள்ளே வருவதற்கு மூன்று கதவுகள் இருக்கின்றன. வெளியே போவதற்குக் கதவு தானாக அமைவதில்லை. எழுதுபவர்தான் அதை அமைக்க வேண்டும்.

அறிமுகத்தின் வரிசை

பெருங்கூட்டத்தை அறிமுகப்படுத்தும் மிகப் பழைய முறை சங்கிலி முறை. 108 வீரர்களின் கதையான சீனச் செவ்வியல் நாவல் 'ஷுய் ஹூ சுவான்' இதற்குச் சிறந்த சான்று. ஒரு வீரனின் கதை நடக்கும். வழியில் அவன் இன்னொருவனைச் சந்திப்பான். கதை சந்தித்தவனோடு போய்விடும். ஒரு நேரத்தில் வாசகர் மனத்தில் ஒருவன் மட்டுமே இருப்பதால் சுமை இல்லை. 71ஆம் அத்தியாயத்தில் 108 பேரும் ஓரிடத்தில் கூடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. தனித்தனிக் கதைகளில் உயிரோடு இருந்தவர்கள், படையாகச் சேர்ந்ததும் பெயர்ப் பட்டியலாகிவிடுகிறார்கள். 1641இல் இந்நாவலைப் பதிப்பித்த ஜின் ஷெங்தான், கூடிய இடத்தோடு கதையை நிறுத்தி 70 அத்தியாயங்களாகச் சுருக்கினார். பல தலைமுறைச் சீன வாசகர்கள் அந்தப் பதிப்பையே விரும்பிப் படித்தார்கள்.

ஹாங்காங்கில் ஜின் யோங் தம்முடைய 'மிங் பாவ்' நாளிதழில் 1963 முதல் 1966 வரை எழுதிய 'தியான் லோங் பா பூ' இதே சங்கிலியை இன்னும் கவனமாகக் கையாண்டது. துவான் யூ, சியாவ் ஃபெங், ஷூ சூ என்று மூன்று நாயகர்கள். ஒருவனுடைய உலகம் வாசகருக்கு நன்றாகப் பழகிய பிறகே அடுத்தவன் வருகிறான். மூவரும் சகோதரர்களாகக் கைகோக்கும்போது வாசகருக்குப் புதியவர் என்று எவருமில்லை.

'பொன்னியின் செல்வன்' எழுதிய கல்கி வேறு வழியை எடுத்தார். வந்தியத்தேவன் சோழ நாட்டுக்குப் புதியவன். யார் யாருக்கு என்ன உறவு, யாருக்கு யார்மேல் பகை என்பதையெல்லாம் அவனுக்குச் சொல்வதுபோல் நமக்குச் சொல்லிவிடுகிறார். அவன் பயணம் போகும் பாதையே அறிமுக வரிசையாகிறது. கடம்பூருக்குப் போனால் சம்புவரையர் வீடு, தஞ்சைக்குப் போனால் பழுவேட்டரையர்களும் நந்தினியும், பழையாறையில் குந்தவையும் வானதியும், கோடிக்கரையில் பூங்குழலி, ஈழத்தில் அருள்மொழிவர்மன். ஒவ்வொருவருக்கும் ஓர் ஊர் இருப்பதால் ஊர் நினைவுக்கு வந்ததும் ஆளும் நினைவுக்கு வருகிறார். இதில் கல்கி காட்டிய பொறுமையும் வியக்கத் தக்கது. கதைக்குப் பெயர் தந்த அருள்மொழிவர்மனே முதல் பாகத்தில் நேரில் வருவதில்லை. இரண்டாம் பாகமான 'சுழற்காற்'றில் அவனைக் காணும்போது, பிறர் பேச்சின் வழியே பல மாதங்கள் பழகியவனைப்போல் வாசகர் அவனை வரவேற்கிறார்.

குடும்பம் என்ற அலகு

டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' 1865இல் 'ரஷ்யத் தூதன்' இதழில் '1805' என்ற பெயரில் வெளிவரத் தொடங்கியது. அதன் பாத்திரங்கள் ஐந்நூறுக்கு மேல். முதல் காட்சியே ஒரு மாலை விருந்து. பலர் ஒரே நேரத்தில் உள்ளே வருகிறார்கள். இருந்தும் கதை கைக்குள் நிற்கிறது. ஏனென்றால் டால்ஸ்டாய் நம்மை ஐந்நூறு பேரை நினைவில் வைக்கச் சொல்லவில்லை. ரஸ்தோவ், பல்கோன்ஸ்கி, பெஸூகவ், குராகின், துருபெத்ஸ்கோய் என்ற ஐந்து வீடுகளை மட்டும் நினைவில் வைக்கச் சொல்கிறார். வீட்டின் குணம் தெரிந்துவிட்டால் அந்த வீட்டு ஆள் பாதி தெரிந்தவர் ஆகிவிடுகிறார்.

இது நமக்கு மிகவும் பழகிய முறை. ஒருவரை 'இன்னார் வீட்டுப் பிள்ளை' என்று அறிந்துகொள்வது நம் ஊர்களின் வழக்கம். சோழர் குலம், பழுவூர்க் குலம், கொடும்பாளூர் வேளிர் குலம் என்று கல்கி பிரித்து வைத்ததும் இதனால்தான் நிலைத்தது.

பிரான்சின் எமில் ஸோலா 1871 முதல் 1893 வரை எழுதிய இருபது நாவல்களையும் ரூகோன்-மக்கார் என்ற ஒரே குடும்பத்தின் கிளைகளில் நிறுத்தினார். 1878இல் வெளிவந்த ஒரு தொகுதியோடு குடும்ப மரத்தையும் அச்சிட்டுக் கொடுத்தார். கடைசி நாவலில் மருத்துவர் பாஸ்கல் தன் அலமாரியில் சேர்த்துவைத்த குடும்பக் குறிப்புகளை எடுத்து ஒவ்வொருவர் வாழ்வையும் சொல்கிறார். இருபத்திரண்டு ஆண்டுக் கணக்கை வாசகர் முன்னால் கதைக்குள்ளேயே முடித்துவைத்த நேர்மை அது.

குடும்பம் ஒரு பிணைப்பு என்றால் வழக்கு இன்னொன்று. டிக்கன்ஸின் 'பிளீக் ஹவுஸ்' (1852–53) முடிவில்லாத ஒரு சொத்து வழக்கைச் சுற்றி எழுந்தது. மாளிகைச் சீமாட்டியிலிருந்து தெருக்கூட்டும் சிறுவன் ஜோ வரை அனைவரையும் ஏதோ ஒரு காகிதமோ ரகசியமோ கட்டிவைக்கிறது. ஜோவிடமிருந்து பரவும் நோய் கதைநாயகியின் முகத்தையே மாற்றிவிடுகிறது. ஒருவருக்கு நேர்வது இன்னொருவரைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை எந்தப் பாத்திரமும் உதிரியாக நிற்காது.

அடையாளமும் ஓவியமும்

மாதம் ஒரு முறை மட்டுமே வாசகரைச் சந்தித்த டிக்கன்ஸ், ஒவ்வொரு கிளைப் பாத்திரத்துக்கும் மறக்க முடியாத ஓர் அடையாளம் கொடுத்தார். எப்போதும் நல்ல காலத்தை எதிர்பார்த்துக் கடனில் மூழ்கும் மிக்காபர், பணிவை வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே ஈரக் கையைப் பிசையும் உரையா ஹீப் ஆகியோர் ஆறு மாதம் கழித்து வந்தாலும் முதல் வரியிலேயே தெரிந்துவிடுவார்கள். இதில் ஆபத்தும் உண்டு. அடையாளமே ஆள் என்று ஆகிவிட்டால் அந்தப் பாத்திரம் வளராது. இன்றைய தொலைக்காட்சித் தொடர்களில் வில்லி வரும்போதெல்லாம் ஒலிக்கும் ஒரே இசை இந்த முறையின் தேய்ந்த வடிவம்.

அடையாளத்தின் மறுபாதி ஓவியம். டிக்கன்ஸுக்கு 'ஃபிஸ்' என்ற ஹாப்லட் பிரவுன் வாய்த்ததுபோல் கல்கிக்கு மணியம் வாய்த்தார். ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்குக் கோபுலு வரைந்தார். நாதஸ்வரக் குழுவும் நாட்டியக் குழுவுமாக ஆட்கள் நிறைந்த கதை அது. அதில் யார் யாரென்று வாசகருக்கு முகம் காட்டியது கோபுலுவின் கோடு. 'பொன்னியின் செல்வ'னுக்கு மணியம் வரைந்த குந்தவையின் கொண்டையும் ஆழ்வார்க்கடியானின் முன்குடுமியும் வாசகர் கண்ணில் பதிந்திருந்தன. பெயர் மறந்தாலும் முகம் மறக்கவில்லை. தவணையின் தலையில் வந்த 'முன்கதைச் சுருக்கம்' மீதி வேலையைச் செய்தது.

நூலாக வந்த பல பதிப்புகளில் இந்த ஓவியங்களும் சுருக்கங்களும் இல்லை. தொடர்கதை எப்படி வாசிக்கப்பட்டது என்பதை அந்தப் பதிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு அறிய முடியாது. இதழ்ப் பக்கங்களைக் கிழித்தெடுத்துத் தைத்து பைண்டு செய்து வைத்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அந்தத் தொகுப்புகள் குப்பைக்குப் போகாமல் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். இத்துறையில் இனி நடக்கவேண்டிய ஆய்வுக்கு அவையே மூலப்பொருள்.

திரும்பி வருபவர்கள்

ஒரு நாவலில் வந்தவரை இன்னொரு நாவலில் திரும்பக் கொண்டுவருவதை ஒரு முறைமையாகவே ஆக்கியவர் பால்ஸாக். 1834–35இல் 'ரெவ்யூ த பாரி' இதழில் வந்த 'தந்தை கோரியோ' நாவலின் கைப்பிரதியில் இளம் நாயகனுக்கு முதலில் வேறு பெயர் இருந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போதே அதை அடித்துவிட்டு, முந்தைய நாவலில் வந்துபோன ராஸ்டிஞாக்கின் பெயரை எழுதினார். அந்த ஒரு திருத்தத்தால் தனித்தனி நாவல்கள் ஒரே சமூகமாயின. தொண்ணூறு படைப்புகளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் உலவும் 'மானுட நாடகம்' அப்படிப் பிறந்தது. ஒரு நாவலில் மூலையில் நிற்பவர் மற்றொன்றில் நடுவில் நிற்பார். ஒவ்வொரு நாவலையும் தனியாகவும் படிக்கலாம் என்பதால் முழுக் கூட்டத்தையும் வாசகர் சுமக்க வேண்டியதில்லை.

ஜப்பானில் எய்ச்சிரோ ஓடா 1997 முதல் வாரந்தோறும் வரையும் 'ஒன் பீஸ்' நூறு தொகுதிகளைக் கடந்துவிட்டது. அதன் அமைப்பு எளிது: கப்பல் தீவு தீவாகப் போகும், தீவின் மக்கள் தீவிலேயே தங்கிவிடுவார்கள், கப்பலில் இருக்கும் சிலர் மட்டுமே நிலையானவர்கள். பின்தங்கியவர்களை ஓடா மறப்பதுமில்லை. அத்தியாயத்தின் முகப்புப் பக்கத்தில், வாரத்துக்கு ஒரு படமாக, தோற்றுப்போன எதிரியோ பிரிந்துபோன நண்பரோ இப்போது என்ன செய்கிறார் என்ற குறுங்கதையை ஓட்டுகிறார். மையக் கதையில் ஒரு பக்கத்தைக்கூட இழக்காமல் நூறு பேரை உயிரோடு வைத்திருக்கும் வழி இது. பாத்திரப் பெருக்கத்துக்கு நம் காலத்தில் கிடைத்த மிகச் சிறந்த விடை என்று இதைச் சொல்வேன். அப்படியிருந்தும் நூறு அத்தியாயங்களுக்கு நீண்ட 'டிரஸ்ரோசா' பகுதியில் ஒரே நகரில் அளவுக்கு மீறியவர்கள் கூடியதால் கதையின் நடை தளர்ந்தது.

கண்கள் பெருகும்போது

பெயர்கள் பெருகுவதைவிட ஆபத்தானது கண்ணோட்டங்கள் பெருகுவது. பக்கத்தில் வந்துபோகிறவருக்கு ஒரு வரி போதும். கதையைத் தன் கண்ணால் சொல்பவருக்குத் தொடக்கம், வளர்ச்சி, முடிவு மூன்றும் தர வேண்டும்.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1996இல் தொடங்கிய நாவல் வரிசையின் முதல் தொகுதியில், முன்னுரைப் பகுதி நீங்கலாக, எட்டுப் பேர் கண்வழியே கதை நடந்தது. அந்த எண்ணிக்கை தொகுதிக்குத் தொகுதி ஏறியது. மூன்றாம் தொகுதிக்குப் பின் கதையை ஐந்து ஆண்டுகள் தாண்டவைக்கும் திட்டத்தை அவர் கைவிட்டார். நான்காவது தொகுதி பெரிதாகிப்போக, காலத்தால் பிரிக்காமல் இடத்தால் பிரித்தார். 2005இல் வந்த தொகுதியில் வாசகர் மிகவும் விரும்பிய மூவர் இல்லை. அவர்கள் கதைக்கு 2011 வரை காத்திருக்க நேர்ந்தது. பலர் ஒரே நகரத்துக்கு எந்த வரிசையில் வந்துசேர்வது என்ற சிக்கலைத் தீர்க்க இன்னொரு புதிய கண்ணோட்டத்தைச் சேர்த்தார். கூட்டத்தால் வந்த சிக்கலுக்குக் கூட்டத்தையே மருந்தாக்கியது இது. ஆறாம் தொகுதி இன்னும் வரவில்லை.

ராபர்ட் ஜோர்டன் 1990இல் தொடங்கிய 'தி வீல் ஆஃப் டைம்' வரிசையில் பெயருள்ள பாத்திரங்கள் இரண்டாயிரத்துக்கு மேல். 2003இல் வந்த பத்தாம் தொகுதியின் பெரும்பகுதி, முந்தைய தொகுதியின் இறுதி நிகழ்ச்சி நடந்தபோது மற்றவர்கள் எங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று காட்டுவதிலேயே கழிகிறது. எல்லோருக்கும் முறை கொடுக்க நினைத்தால் கதை நகராது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. 2007இல் ஜோர்டன் மறைந்த பின், அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் மூன்று தொகுதிகளில் 2013இல் கதையை முடித்தார்.

இதே சிக்கலுக்குத் தமிழில் ஒரு வலுவான விடை உண்டு. மகாபாரதத்தை ஜெயமோகன் 'வெண்முரசு' என்று 2014 ஜனவரி முதல் நாளிலிருந்து 2020 வரை இணையத்தில் நாள்தோறும் எழுதினார். மொத்தம் 26 நாவல்கள். அவர் அதை ஒரே நாவலின் 26 பாகங்களாக எழுதவில்லை. ஒவ்வொன்றும் தனி மையமும் தனி வடிவமும் கொண்ட நாவல். 'காண்டீபம்' அர்ச்சுனனைச் சுற்றும். 'வெய்யோன்' கர்ணனைச் சுற்றும். 'மாமலர்' பீமனைச் சுற்றும். ஒரு நாவலில் ஒருவர் நடுவில் இருக்க மற்றவர்கள் ஒதுங்கி நிற்க அனுமதிக்கப்படுகிறார்கள். தமிழ் வாசகருக்கு முதன்மைப் பெயர்கள் முன்பே தெரியும் என்ற வாய்ப்பும் அவருக்கு இருந்தது. என்றாலும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் முறை கொடுக்காத கட்டுப்பாடே அந்தப் பெருந்தொடர் முடிவை எட்டியதற்கு முதன்மைக் காரணம் என்று கருதுகிறேன்.

வெளியேற்றும் வழிகள்

மிகவும் மலிவான வழி கூட்டச் சாவு. பிரிட்டனின் 'எம்மர்டேல்' தொலைக்காட்சித் தொடர் 1993 டிசம்பர் 30 அன்று கிராமத்தின்மேல் ஒரு விமானத்தை விழவைத்துப் பல பாத்திரங்களை ஒரே நாளில் அகற்றியது. பார்வையாளர் கூடினார்கள், தொடரும் பிழைத்தது. ஆனால் அதிர்ச்சிக்குப் பழகியவர்கள் அடுத்து இன்னும் பெரிய அதிர்ச்சியைத்தான் கேட்பார்கள்.

ஆன்டனி டிரொலோப் வேறு விதமாகச் செய்தார். தம் நாவல்களில் அதே ஆட்கள் திரும்பத் திரும்ப வருவதாக இரு பாதிரியார்கள் மன்றத்தில் குறைப்பட்டுக்கொண்டது அவர் காதில் விழுந்தது. அவர்கள் பேச்சில் அடிபட்டவர் பிஷப்பின் மனைவி திருமதி பிரௌடி. அந்த வாரமே அவளைக் கொன்றுவிடுவதாக அவர்களிடம் எழுந்து சொல்லிவிட்டுப் போனார் டிரொலோப். 1866–67இல் வாரப் பகுதிகளாக வந்த நாவலில் அப்படியே செய்தார். பின்னாளில் தன்வரலாற்றில் அந்தச் சாவுக்காக வருந்தியும் எழுதினார். ஆனால் கதைக்குள் அந்த மரணம் கணவனை, மறைமாவட்டத்தை, அவளை வெறுத்தவர்களைக்கூட அசைத்தது. ஒருவர் போவது மற்றவர்களை மாற்றினால் அந்த வெளியேற்றம் நியாயமானது.

எழுதுபவர் அறியாமல் நேரும் இழப்பும் உண்டு. ஜின் யோங் 1965இல் ஐரோப்பா போனபோது அவருடைய 'தியான் லோங் பா பூ' தொடரைச் சில காலம் எழுதிய நண்பர் நீ குவாங், தமக்குப் பிடிக்காத ஆ சி என்ற பெண்ணின் கண்களைப் பறித்துவிட்டார். திரும்பி வந்த ஜின் யோங் அந்தக் குருட்டுத்தன்மையைக் கதைக்கே பொருளாக்கினார். அவளை நேசித்தவன் தன் கண்களைக் கொடுக்கும் இடம் அதிலிருந்து வளர்ந்தது. நூலாகத் திருத்தியபோது நண்பர் எழுதிய பகுதியை நீக்கியவர், அவள் கண்ணிழந்ததை மட்டும் நீக்கவில்லை.

தமிழ்த் தொலைக்காட்சியில் நடப்பது பெரும்பாலும் வேறு. நடிகர் மாறினால் 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி ஓடும். பாத்திரமே வேண்டாமென்றால் வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, வீட்டில் ஒருவர்கூட அவர் பெயரைச் சொல்லாமல் இருந்துவிடுவார்கள். பார்ப்பவர் மறந்துவிடுவார் என்ற எண்ணம் பார்ப்பவருக்கு இழைக்கும் அவமதிப்பு.

கல்கி அப்படி நினைக்கவில்லை. கதை முடிந்ததும், இன்னார் என்ன ஆனார் என்று வாசகர்கள் அடுக்கிய கேள்விகளை எடுத்துக்கொண்டு முடிவுரை எழுதி ஒவ்வொருவரைப் பற்றியும் பதில் சொன்னார். திட்டத்தில் இடைவெளிகள் இருந்தன என்று குறை காண்போர் உண்டு. ஆனால் வாசகர் நினைவில் சேர்த்துவைத்த ஒவ்வொரு பெயருக்கும் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் எழுத்தாளரே என்று ஏற்றுக்கொண்ட செயல் அது.

எழுதுபவரின் மேசை

கணக்குச் சொல்ல வேண்டுமானால் கணக்கு வைத்திருக்க வேண்டும். டிக்கன்ஸ் ஒவ்வொரு மாதப் பகுதிக்கும் ஒரு தாளை நடுவில் மடித்துத் திட்டம் எழுதினார். வலப்பக்கம் அத்தியாயங்கள்; இடப்பக்கம் தமக்குத் தாமே கேட்டுக்கொண்ட கேள்விகள். இந்த மாதம் இன்னாரைக் கொண்டுவரலாமா என்று பெயரை எழுதி, ஆம், வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று பதிலும் எழுதிவைத்தார். அந்தத் தாள்கள் இன்றும் உள்ளன. ஸோலா ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வயது, உடல், குணம் எழுதிய தனிக் குறிப்புகள் வைத்திருந்தார். ஜோர்டன் விட்டுச்சென்ற குறிப்புகள் இல்லாவிட்டால் அவர் கதை அநாதையாகியிருக்கும். மேதைமையை நம்பி இவர்களில் எவரும் குறிப்பேட்டைத் துறக்கவில்லை.

முடிவாக

இத்தனை மரபுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எண்ணிக்கை ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. ஐந்நூறு பேரோடு டால்ஸ்டாய் நின்றார். ஒரு வீட்டுக்குள் இருபது பேரை வைத்துக்கொண்டு தடுமாறும் தொடர்களும் உண்டு. நிலைத்தவை அனைத்திலும் மூன்று பண்புகள் பொதுவாக உள்ளன. பாத்திரம் ஓர் இடத்தோடோ குடும்பத்தோடோ கட்டப்பட்டிருக்கிறது. ஒரு நேரத்தில் மையம் ஒருவருக்கோ சிலருக்கோ மட்டுமே கிடைக்கிறது. போகிறவர் வாசகர் அறியப் போகிறார்.

இன்று தமிழில் இணையத்தில் நாள்தோறும் தொடர் எழுதுபவர்கள் பலர். அவர்களுக்கு மணியம் போன்ற ஓவியர் இல்லை. முன்கதைச் சுருக்கம் எழுதித்தரும் உதவி ஆசிரியரும் இல்லை. எல்லாப் பொறுப்பும் அவர்களுடையதே. அவர்களிடம் என் வேண்டுகோள் இது: புதிய பெயர் ஒன்றை எழுதும் முன், அவர் செய்யப்போகும் வேலையை ஏற்கெனவே இருக்கும் ஒருவர் செய்ய முடியுமா என்று கேளுங்கள். வந்த ஒவ்வொருவருக்கும் குறிப்பேட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒருவருக்கு இனி வேலை இல்லை என்று தெரிந்த நாளில் அவரை வாசகர் கண்ணெதிரே வழியனுப்புங்கள். தவணைக்குத் தவணை திரும்பி வரும் வாசகர் உங்களுக்குத் தருவது தம் நினைவில் ஓர் இடம். வேலையில்லாத ஒருவரை நிறுத்திவைத்து அந்த இடத்தை வீணாக்காதீர்கள்.